லாரி கேபினில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

லாரிக்குள் ஸ்பீக்கர் எங்கே மாட்டுவது என்பதெல்லாம் ஒரு கட்டுரைக்கான விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். எலக்ட்ரீஷியன் கடையில் சீக்கிரம் முடிகிற வேலை அது. "எங்கண்ணே வைக்கட்டும்?" என்று கடைக்காரர் கேட்பார். "பின்னாடி ரெண்டு பக்கமும் வச்சு விடுப்பா" என்று டிரைவர் சொல்வார். பின்சுவர் பிளைவுட்டில் இரண்டு ஓட்டை போட்டு, நாலு ஸ்க்ரூ முடுக்கினால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி கைமாறினாலும் ஸ்பீக்கர் இடம் மாறாது.

ஆனால் பாருங்கள், யோசிக்காமல் எடுக்கப்படும் அந்த முடிவுதான், அந்த வண்டியில் படுப்பவர் தூங்குவாரா மாட்டாரா என்பதையும், ஓட்டுகிறவரின் காது ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்பதையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களுக்கு இது வேடிக்கையான விஷயம் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுக்க மழையை நம்பிய பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்துப் பருத்தியோ, மல்லியோ, மிளகாயோ, சோளமோ போடுவார்கள். மழை பொய்த்துவிட்டால் மிஞ்சுவது சீமைக்கருவேலும் கரிமூட்டமும்தான். அப்படிப்பட்ட காட்டில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு லாரி ஒரு நல்ல பிழைப்பு. அருப்புக்கோட்டை வழியாகத்தான் மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை போகிறது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மதுரையும் அதைத் தாண்டி வடக்கே உள்ள ஊர்களும். ஏறி உட்கார்ந்தால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் கேபின்தான் வீடு. அந்த வீட்டில் ஒரே பொழுதுபோக்கு பாட்டு. டேப் ரெக்கார்டர் காலத்தில் கேசட், பிறகு சிடி, பிறகு பென்டிரைவ், இப்போது செல்போனும் புளூடூத்தும். இளையராஜா மட்டும் மாறவில்லை :)

பாட்டு வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை இல்லை. பாட்டு வேண்டும். அது எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

பின்சுவரில் ஏன் வைக்கிறார்கள்?

காரில் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் வைப்பது பழைய வழக்கம். அதைப் பார்த்துத்தான் லாரியிலும் வந்தது. இடம் தாராளமாக இருக்கிறது, பிளைவுட்டை வெட்டுவது சுலபம், வயரை யார் காலும் தட்டாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் காரின் பின்தட்டுக்கும் லாரியின் பின்சுவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காரின் பின்தட்டில் யாரும் படுப்பதில்லை. லாரியில் அந்தச் சுவருக்கு ஒட்டித்தான் படுக்கை இருக்கிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை எழுதியவர்கள் இந்தப் படுக்கையைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும், மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவதற்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினின் முழு அகலத்துக்கு ஒரு சீட் இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. இரண்டு டிரைவர்கள் என்ற கட்டாயம் 2018-ல் நீக்கப்பட்டது. ஆனாலும் தூரத்து நடைகளில் இரண்டு பேர் போவதும், ஒருவர் ஓட்ட ஒருவர் படுப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தூங்குவதற்கென்று சட்டமே பார்த்து ஒதுக்கிய இடம் அது. அந்த இடத்தில் படுப்பவரின் தலைக்கு ஒரு சாண் மேலே கொண்டுபோய் ஸ்பீக்கரை வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் வைத்திருப்பதால், தலையை எந்தப் பக்கம் மாற்றிப் படுத்தாலும் ஒரு ஸ்பீக்கர் தயாராக இருக்கும்!

தூரம் செய்யும் வேலை

திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். கேபின் சின்னப் பெட்டி, ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும், அதனால் வித்தியாசம் இந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் அடிப்படை மாறாது. ஸ்பீக்கருக்குக் கிட்டே இருப்பவர் காதில்தான் அதிகம் விழும். பின்சுவர் ஸ்பீக்கருக்குக் கிட்டே இருப்பவர் யார்? பாட்டு வேண்டும் என்று போட்டவர் இல்லை. தூக்கம் வேண்டும் என்று படுத்தவர்.

அடுத்த சங்கதி இன்னும் மோசம். பாட்டின் சொற்களைப் புரிய வைப்பது உச்ச ஸ்தாயி ஒலிகள். அவை டார்ச் வெளிச்சம் மாதிரி, ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் அதிகம் போகும். மனிதனின் காது மடலோ முன்பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது. பின்னாலிருந்து வரும் உச்ச ஒலியில் ஒரு பகுதியைக் காது மடலும், சீட்டின் முதுகும் மறைத்துவிடுகின்றன. அதனால் டிரைவருக்குப் பாட்டு மொத்தமாகக் கேட்கும், வரி தெளிவாகக் கேட்காது. தெளிவு இல்லை என்றால் கை தானாக வால்யூமுக்குப் போகும். முன்னால் இருந்திருந்தால் குறைந்த சத்தத்திலேயே புரிந்திருக்கும் பாட்டுக்கு, பின்னால் இருப்பதால் கூடுதல் சத்தம் தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் சத்தம் முழுவதும் படுத்திருப்பவர் தலையில்தான் இறங்குகிறது.

சொல்ல முடியாதவர்

"சத்தம் ஜாஸ்தின்னா குறைக்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். யார் சொல்வது? படுத்திருப்பவர் மாற்று டிரைவராக இருந்தால் ஒருவேளை சொல்வார், "மாப்ள, கொஞ்சம் குறைடா" என்று. பெரும்பாலும் படுத்திருப்பது கிளீனர் பையன். லோடு ஏற்றும்போது கூடவே நின்றவன், தார்ப்பாய் கட்டினவன், கயிறு இழுத்தவன். வேலை கற்றுக்கொள்ள வந்தவன். நாளைக்கு ஸ்டீயரிங்கைக் கையில் கொடுக்கப்போகிறவர் இந்த அண்ணன்தான். அவரிடம் போய் "அண்ணே, பாட்டைக் குறைங்கண்ணே" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு படுத்துக்கொள்வான். அவ்வளவுதான்.

அரைத்தூக்கம் தூங்கியவன் விடிகாலையில் எழுந்து, வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா... வா... வரட்டும்..." என்று சொல்ல வேண்டும். மாற்று டிரைவராக இருந்தால் நேராக ஸ்டீயரிங்கில் உட்கார வேண்டும். ராத்திரி அந்த ஸ்பீக்கர் பறித்த தூக்கத்துக்கான கணக்கு மறுநாள் சாலையில்தான் தீர்க்கப்படுகிறது. அந்தச் சாலையில் லாரி மட்டுமா போகிறது? டூவீலரில் போகிறவர்களும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும், ஆடு ஓட்டிக் கடப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிறியவன் வாய் திறந்து கேட்க முடியாத ஒன்றை, ஸ்பீக்கர் இருக்கும் இடமே அவனுக்குச் செய்துகொடுத்துவிட முடியும் என்றால், அதைச் செய்துவிடுவதுதானே முறை?

பாட்டு தூக்கத்தை விரட்டுமா?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "பாட்டு சத்தமா இருந்தாத்தான் டிரைவருக்குத் தூக்கம் வராது. ஒருத்தன் தூக்கம் கெட்டாலும் வண்டி பத்திரமா இருக்குமே?" சாலையோர டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்னரும் ஹார்னும் இதைச் சோதித்து 1998-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களை, வண்டி ஓட்டுவதைப் போன்ற ஒரு சிமுலேட்டரில் உட்காரவைத்து, முகத்தில் குளிர்காற்று படவிட்டும், ரேடியோ கேட்கவைத்தும் பார்த்தார்கள். இரண்டுமே கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும் என்பது அவர்கள் கண்ட முடிவு. வண்டியை ஓரங்கட்ட ஒரு நல்ல இடம் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்கலாம், அதற்கு மேல் அவற்றை நம்பக் கூடாது என்றார்கள். குட்டித் தூக்கமும் ஒரு காபியும்தான் அதைவிட நன்றாக வேலை செய்யும் என்பது அவர்களுடைய மற்ற ஆய்வுகளில் தெரிந்தது.

ஆக, தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். முன்னால் இருப்பவரை அரை மணி நேரம் விழித்திருக்க வைப்பதற்காக, பின்னால் இருப்பவரின் நான்கு மணி நேரத் தூக்கத்தைக் கெடுப்பது நல்ல வியாபாரமா? அவர் நன்றாகத் தூங்கி எழுந்தால்தானே இவர் ஸ்டீயரிங்கை நிம்மதியாகக் கொடுத்துவிட்டுப் படுக்க முடியும்?

ஓட்டுகிறவர் காது

சரி, படுப்பவரை விடுவோம். ஓட்டுகிறவருக்காவது லாபமா? அதுவும் இல்லை.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-ல் பரிந்துரைத்த கணக்கின்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம்தான். நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று சொன்னது. நெடுந்தூர லாரியில் 8 மணி நேரத்தோடு இறங்கி வீட்டுக்குப் போன டிரைவர் யாராவது உண்டா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் சத்தம், திறந்த ஜன்னலில் அடிக்கும் காற்று, எதிரே வருபவனின் ஏர்ஹாரன் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றை அமுக்கிப் பாட்டு மேலே வர வேண்டும் என்றால் அதைவிடச் சத்தமாக வைக்க வேண்டும். இப்படிக் கெடும் காது வலி கொடுத்துக் கெடுவதில்லை. முதலில் உச்ச ஒலிகள்தான் போகும். 'ச', 'த', 'க' எல்லாம் ஒன்று போலக் கேட்க ஆரம்பிக்கும். வீட்டில் டிவி சத்தம் கூடும். பேத்தி சொல்வது புரியாமல் "என்னம்மா?" என்று இரண்டு தடவை கேட்பார். வயசாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

அதோடு லாரி டிரைவர் காதால்தான் பாதி வண்டி ஓட்டுகிறார். ஏர் லீக்கானால் 'புஸ்'ஸென்ற சத்தம், பிரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஜாயிண்ட் தேய்ந்தால் ஒரு 'டக் டக்', இரட்டை டயரில் ஒன்று போனால் ஓடும் சத்தத்தில் ஒரு மாற்றம், பின்னால் கிளீனர் பாடியைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இவையெல்லாம் பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிற சத்தங்கள். அதே திசையில் ஸ்பீக்கரையும் வைத்தால் எது பாட்டு, எது வண்டி என்று பிரிப்பதே கஷ்டம். பாட்டு முன்னாலிருந்து வந்தால் பின்பக்கத்துச் சத்தத்துக்கு வழி இருக்கும். (காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டலாமே என்பவர்களுக்கும் இதுவேதான் பதில். கூடவே கூடாது.)

அப்படியானால் எங்கே?

ஒவ்வொரு இடமாகப் பார்க்கலாம்.

1. கதவு: காரில் இதுதான் வழக்கமான இடம். லாரிக் கதவை ஓங்கி அறைந்துதான் சாத்துகிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், தூசி சேரும், கீல் பக்கம் வயர் மடங்கி மடங்கி அறுந்துபோகும். ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும். முழங்காலுக்குக் கீழே இருப்பதால் தெளிவும் குறைவு. ஆனாலும் பின்சுவருக்கு இது எவ்வளவோ மேல்.

2. டேஷ்போர்டு: கம்பெனியே இடம் விட்டிருந்தால் அதுதான் முதல் தேர்வு. நாலு அங்குல ஸ்பீக்கர் போதும். டிரைவரைப் பார்த்து இருக்கும், வரிகள் புரியும், படுப்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சீட்டின் முதுகு இருக்கும்.

3. முன்கண்ணாடிக்கு மேலே உள்ள தட்டு: சாமி படமும் வண்டிப் பேப்பரும் இருக்கும் இடம். இங்கே இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் அருமையாகக் கேட்கும். ஒரே நிபந்தனை, பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு விட்டுவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சடன் பிரேக் அடித்தால் அது யார் தலையிலும் விழக் கூடாது.

4. படுக்கைக்கு அடியில் சப்-ஊஃபர்: இது இப்போது ஒரு ஆசையாகிவிட்டது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போது விநாடிக்கு 75 தடவை வெடிக்கிறது. அதாவது எஞ்சினின் உறுமல் 75 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சப்-ஊஃபரின் 'தும் தும்'மும் அந்த வட்டாரத்தில்தான். எஞ்சினோடு போட்டி போட்டு ஜெயிக்க எத்தனை வாட்ஸ் வேண்டும்? காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் பத்து மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும். பேட்டரிக்கும் கேடு, படுப்பவரின் முதுகெலும்புக்கும் அதிர்ச்சி. ஓடுகிற லாரியில் பேஸுக்காகச் செலவழிப்பது வீண்.

ஆக, முன்பக்கம்தான் இடம். டேஷ்போர்டோ மேல்தட்டோ, வண்டிக்குத் தகுந்தாற்போல முடிவு செய்யலாம்.

ஏற்கனவே பின்னால் மாட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? முன்னாலும் ஒரு ஜோடி இருந்தால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான செட்டுகளில் முன்பக்கம், பின்பக்கம் என்று சத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் ஃபேடர் இருக்கும். ஒருவர் படுத்தவுடன் அதை முழுக்க முன்பக்கம் தள்ளிவிட்டால் போதும். பின்னால் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதே ஸ்பீக்கரைக் கழற்றி முன்னால் மாட்ட முடியுமா என்று அடுத்த சர்வீஸின்போது பார்க்கலாம்.

மாட்டும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் மாறிப்போனால், ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பாட்டு சப்பென்று ஆகிவிடும். செட் சரியில்லை என்று நினைத்து ஆம்ப்ளிஃபையர் வாங்கி, மறுபடி சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு டார்ச் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் காகிதக் கூம்பு வெளியே எம்பும். இரண்டும் ஒன்று போல எம்புகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் செலவு மிச்சமாகலாம்.

ஏ.சி. கேபின் வந்த பிறகு

2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி புதிதாகத் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுச் சத்தமும் ரோட்டுச் சத்தமும் குறையும். பழைய வால்யூமில் பாதி வைத்தாலே பாட்டு கேட்கும். ஆனால் பழக்கம் அப்படியே இருந்தால், மூடிய கேபினில் அதே வால்யூம் இன்னும் மோசமாகத்தான் அடிக்கும். புது வண்டி எடுப்பவர்கள் முதல் நாளே பின்சுவரில் ஓட்டை போடாமல், கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரைக் கண்ணாடியை மூடிக்கொண்டு ஒரு நடை கேட்டுப் பார்க்கலாம். அநேகமாக அதுவே போதும்.

லாரி உரிமையாளர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. டயருக்கும் டீசலுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள், டிரைவரின் தூக்கத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். செட் மாட்டக் காசு கொடுக்கும்போது "முன்னாடி வைங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரருக்கு எந்த இடமும் ஒன்றுதான்.

சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் அடுத்த தடவை லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமாக ராத்திரியில் வைக்கிற வால்யூமில் பாட்டைப் போட்டுவிட்டு, கிளீனர் பையனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.